வேலைத் தகுதிப் பத்திரம்: ஓர் அமெரிக்க வரலாறு

அமெரிக்க ஐக்கிய நாட்டில் ஒரு பல் வைத்தியசாலையை மனக்கண் முன் கொண்டு வருவோம். வைத்தியர் ஒருவர், உதவியாளர் இருவர், கடிதப் போக்குவரத்தும் கணக்கும் கவனிக்க எழுத்தர் ஒருவர். அவ்வளவே அங்குள்ள சிப்பந்திகள். அங்குப் புதிதாக ஒருவர் பணியில் அமர்ந்தால், அந்த எழுத்தர் மேசை அறையிலிருந்து ஒரு பத்திரத்தை எடுத்து நீட்டுகிறார். அதன் பெயர் ஐ-9. ‘இந்நாட்டில் ஊதியம் பெற்று உழைக்க எனக்கு உரிமையுண்டு’ என்று புதியவர் அதில் உறுதிமொழி எழுதிக் கையொப்பமிட வேண்டும். பணி தொடங்கி மூன்று அலுவல் நாட்களுக்குள் எழுத்தர் அவருடைய சான்றுகளைக் கண்ணால் கண்டு, தாமும் கையொப்பமிட வேண்டும். அரசாங்க உத்தியோகஸ்தர் செய்ய வேண்டிய பரிசோதனையை ஒரு பல் வைத்தியரின் எழுத்தர் செய்வானேன் என்று நேயர்கள் வினவக்கூடும். அவ்வினாவிற்கு விடை தேடினால் 1952-ஆம் ஆண்டிற்குச் செல்ல நேரிடும்.

அவ்வாண்டு இயற்றப்பெற்ற குடிவரவுச் சட்டம், அனுமதியின்றி நாட்டினுட் புகுந்தவருக்குப் புகலிடம் அளித்து மறைத்து வைப்பது குற்றம் என்று விதித்தது. ஆனால், அத்தகையவரை வேலைக்கு வைத்துக் கொள்வது ‘மறைத்து வைப்பது’ ஆகாது என்றும் அதே சட்டம் கூறிற்று. டெக்ஸாஸ் மாநிலத்துப் பெருநிலக்காரர்களின் நலங்கருதிச் சேர்க்கப்பட்டமையால் அவ்விலக்கு அம்மாநிலத்தின் பெயராலேயே வழங்கலாயிற்று. உழைப்பவன் குற்றவாளி, அவன் உழைப்பால் பயனடைபவன் நிரபராதி! இவ்விந்தை நியாயம் முப்பத்து நான்கு ஆண்டுகள் நிலைபெற்றிருந்தது. இடையில் 1971-இல் கலிபோர்னியா மாநிலம் தனிச்சட்டம் செய்து முதலாளிகளைத் தடுக்க முனைந்தது. மாநிலத்திற்கு அவ்வதிகாரம் உண்டென்று 1976-இல் உச்சநீதிமன்றமும் ஒப்புக்கொண்டது.

1986 நவம்பர் 6-ஆம் நாள் ஜனாதிபதி ரீகன் புதிய குடிவரவுச் சீர்திருத்தச் சட்டத்தில் ஒப்பமிட்டார். அது இரு கைகளையுடைய சட்டம். ஒரு கையால், நெடுநாள் மறைந்து வாழ்ந்த ஏறத்தாழ இருபத்தேழு லட்சம் பேருக்குச் சட்டபூர்வமான நிலையை வழங்கிற்று. மறு கையால், உரிமையில்லாதவரென்று அறிந்தும் வேலைக்கு அமர்த்தும் முதலாளிக்குத் தண்டனை விதித்தது. அந்நாளுக்குப் பின் வேலையில் சேர்ந்த ஒவ்வொருவருக்கும், அவர் அந்நாட்டிலேயே பிறந்து வளர்ந்தவராயினும், இப்பத்திரம் கட்டாயமாயிற்று. பத்திரத்தில் பிழை நேரினாலே ஓர் ஆளுக்கு நூறு முதல் ஆயிரம் டாலர் வரை அபராதம் என்று அன்று நிர்ணயித்தனர். மக்கள் பழகிக் கொள்ளும்பொருட்டு 1987 மே முடிய அவகாசம் தந்தனர்.

சான்றுகள் மூவகை. ஆளையும் உரிமையையும் ஒருங்கே காட்டுபவை ஒரு பட்டியலில் அடங்கும்; பாஸ்போர்ட்டு அதற்கு எடுத்துக்காட்டு. ஆளை மட்டும் காட்டும் வண்டியோட்டும் லைசென்சு போன்றவை இரண்டாவது. உரிமையை மட்டும் காட்டும் பிறப்புச் சான்று முதலியவை மூன்றாவது. முதற்பட்டியலில் ஒன்று, அல்லது மற்றிரண்டிலும் ஒவ்வொன்று காட்டினால் போதும். எதைக் காட்டுவது என்பது ஊழியரின் விருப்பம். நம் நாட்டிலிருந்து ஒரு குறிப்பிட்ட நிறுவனத்தின் பொருட்டுத் தற்காலிக அனுமதியில் செல்லும் பொறியியலாளர், தம் இந்தியப் பாஸ்போர்ட்டுடன் நாட்டினுட் புகுந்த பதிவையும் காட்டுவதுண்டு. எழுத்தர் கள்ளப் பத்திரங்களைக் கண்டறியும் நிபுணராக இருக்க வேண்டியதில்லை. பார்வைக்கு மெய்யானதாகவும், எதிரில் நிற்பவருக்கு உரியதாகவும் தோன்றினால் ஏற்றுக்கொள்ளல் அவர் கடமை.

இங்கேதான் இடர் விளைந்தது. அபராதத்திற்கு அஞ்சிய முதலாளி, முகமும் உச்சரிப்பும் அயலாகத் தோன்றியவரிடம் ‘இன்னொரு சான்று கொணர்க’ என்று கேட்கலானார். சிலர் அத்தகையவரை வேலைக்கே எடுக்கவில்லை. காங்கிரஸ் சபையின் தணிக்கை அலுவலகம் 1990 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கை, நூற்றுக்குப் பத்து முதலாளிகள் தோற்றமும் பேச்சும் பற்றி வேற்றுமை பாராட்டத் தலைப்பட்டதாகக் கணித்தது. அவ்வாண்டே, குறித்த ஒரு சான்றையே வற்புறுத்துவதும் மிகுதியாகக் கேட்பதும் குற்றமென்று சட்டம் திருத்தப்பட்டது. ஆயினும் ஒரு முரண்பாடு நீங்கவில்லை. ஒரேயோர் ஊழியர் இருந்தாலும் பத்திரம் கட்டாயம். வேற்றுமையைத் தடுக்கும் இப்பிரிவோ நான்கு ஊழியர் இருந்தாலன்றிப் பொருந்தாது. சிற்றலுவலகத்தின் வாயிலில் திருப்பியனுப்பப்பட்டவருக்கு இச்சட்டத்தில் புகலில்லை. சட்டத்தின் குறைகளுள் இதனையே பெரிதென்பேன்.

1996-இல் ஒரு சட்டம் சான்றுகளின் எண்ணிக்கையைக் குறைக்கப் பணித்தது. மறு ஆண்டு வந்த விதி, குடியுரிமை பெற்றதற்கான சான்றிதழையே பட்டியலினின்றும் நீக்கிற்று. அச்சிட்ட பத்திரமோ 2007 வரையில் மாறவில்லை! பத்தாண்டுக் காலம் பத்திரம் ஒன்று சொல்ல, விதி மற்றொன்று சொல்லிற்று. பத்திரத்தின் பின்புறத்தைப் படித்து அதன்படி நடந்த எழுத்தரின் நிலை இரங்கத்தக்கது.

பூர்த்தி செய்த பத்திரத்தை அரசாங்கத்திற்கு அனுப்புவதில்லை. அலுவலகத்திலேயே காக்க வேண்டும். சோதனை அறிவிப்பு வந்தால் குறைந்தது மூன்று அலுவல் நாட்கள் அவகாசம் உண்டு. ஊழியர் விலகிய பின்னும், சேர்ந்த நாளிலிருந்து மூன்றாண்டு, விலகிய நாளிலிருந்து ஓராண்டு, இவ்விரண்டில் எது பிந்தியதோ அதுவரையில் வைத்திருத்தல் வேண்டும். 2010-இல் சேர்ந்து 2015-இல் விலகியவரின் தாள் 2016 வரை இருக்கும்; 2020 ஜனவரியில் சேர்ந்து இரு திங்களில் விலகியவரின் தாளோ 2023 ஜனவரி வரை இருக்கும்.

அந்த 2020-ஆம் ஆண்டில் கொள்ளைநோய் பரவியபொழுது, மார்ச்சு 20 முதல், தொலைவிலிருந்தே சான்றுகளைப் பார்வையிடத் தற்காலிகச் சலுகை தந்தனர். 2023 ஜூலை இறுதியில் அது முடிவுற்றது. மறுநாள் முதல், ‘ஈ-வெரிஃபை’ என்னும் அரசாங்கக் கணிப்பொறிச் சேவையில் முறையாகச் சேர்ந்துள்ள முதலாளிகள் மட்டும் படத்திரை வாயிலாகச் சான்றுகளைக் காணலாம் என்றாயிற்று. அதில் சேராத பல் வைத்தியசாலையில், புதியவர் தம் பாஸ்போர்ட்டை எழுத்தரின் மேசைமீதுதான் வைக்க வேண்டும்.