லைப்ரரி பாத்

மரக்காணம் பூமீஸ்வரர் கோயிலின் சோழர் கல்வெட்டுகளைப் பற்றிய பழைய அச்சுப்பக்கத்தை ஸ்கேன் செய்து, எழுத்துகளைப் பிரித்தெடுக்க டெஸ்ஸராக்ட் என்ற மென்பொருள் உதவும். அதற்குத் தமிழும் தெரியும். ஆனால் அது சி++ மொழியில் எழுதப்பட்டது. ஜாவா நிரல் அதை அழைக்கும்போது, எந்த ஃபோல்டரில் தேடுவது என்று சொல்வதே ‘லைப்ரரி பாத்’.

‘லைப்ரரி’ என்ற சொல்லின் வேர் ‘லிபர்’. லத்தீனில் அதற்கு மரத்தின் உள்பட்டை, புத்தகம் என இரண்டு பொருளும் உண்டு. பனையோலையை ஏடாக்கியவர்களுக்கு இதில் வியப்பில்லை.

கணினியில் ‘லைப்ரரி’ என்பது ஆயத்த நிரல்தொகுப்பு. டெஸ்ஸராக்ட் போன்றவை ‘நேட்டிவ்’ லைப்ரரிகள். ‘நேட்டிவ்’ என்றால் அந்தந்த இயங்குதளத்துக்கென்றே கம்பைல் செய்தது. பலரும் சறுக்குவது பாத் எழுதும்போதுதான். கோப்பின் பெயர் கூடாது, ஃபோல்டர் மட்டும். ஒன்றுக்கு மேல் இருந்தால் விண்டோஸில் அரைப்புள்ளி, லினக்ஸில் முக்காற்புள்ளி. ஜாவா கிளம்பும்போதே கொடுத்துவிட வேண்டும். ஓடத் தொடங்கியபின் மாற்றினால் பெரும்பாலும் எடுபடாது.