பஞ்சு விலையும் பந்தயக் கணக்கும்



அமெரிக்காவில் வேலை பார்க்கும் பழைய மாணவர் ஒருவர் கேட்டிருந்தார்: "சார், இங்கே ஃபுட்பாலில் குவார்ட்டர்பேக் என்ற ஆட்டக்காரர் எறியும் பாஸ்களால் அணி எத்தனை கெஜம் முன்னேறும் என்று பந்தயம் கட்டுகிறார்கள். 245.5 கெஜத்துக்கு மேலா, கீழா? ஆட்டத்தைப் படித்துக் கணக்குப் போட்டுக் கட்டினால் அது சூதா, திறமையா?"

பதிலை எல்லோருக்குமாக எழுதுகிறேன். நம் திருப்பூர் பிழைக்கும் பஞ்சிலேயே இதற்கு ஒரு வரலாறு உண்டு.

அந்தக் காலத்தில் நியூயார்க் பஞ்சுச் சந்தையின் தொடக்க விலையும் முடிவு விலையும் தினமும் பம்பாய்க்கு வரும். அந்த எண்களின் மேல் பணம் கட்டினார்கள். ஒரு மில் முதலாளி பஞ்சு விலையை முன்கூட்டியே பேசி வைப்பதில் நியாயம் உண்டு. நாளை நூல் நூற்க அவருக்குப் பஞ்சு வேண்டும். பந்தயம் கட்டியவர்களுக்கோ ஒரு பொதி பஞ்சுகூட வேண்டாம், எண் போதும். 1961-இல் அந்த விலை வருவது நின்றது. பந்தயம் நின்றதா? இல்லை. பானைக்குள் சீட்டுகளைப் போட்டு எண் எடுத்தார்கள். பானைக்கு அங்கே மட்கா என்று பெயர். சூதுக்கும் அதுவே பெயரானது. பஞ்சு போன பிறகும் ஆட்டம் நடந்தது என்றால், அது முதலிலிருந்தே பஞ்சைப் பற்றியது அல்ல.

திறமையா, அதிர்ஷ்டமா என்ற வழக்கும் நம் மாநிலத்திலிருந்துதான் போனது. 1974-இல் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கத் தமிழ்நாடு சட்டம் இயற்றியது. 1996-இல் உச்ச நீதிமன்றம், குதிரைப் பந்தயம் பெரும்பாலும் திறமை சார்ந்தது என்று தீர்ப்பளித்தது. ஆன்லைன் ரம்மி நிறுவனங்களும் பிறகு இதே வாதத்தைத்தான் பிடித்துக்கொண்டன. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் அந்த வேறுபாட்டையே ஒதுக்கியது: திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுக்குத் தடை. அமெரிக்காவிலோ 2018-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று, விளையாட்டுப் பந்தயத்தை அனுமதிக்க மாநிலங்களுக்கு வழி திறந்துவிட்டது.

சட்டம் இடத்துக்கு இடம் மாறும். கணக்கு மாறாது. அங்கே வழக்கமான விகிதம், 110 டாலர் கட்டினால் வெற்றிக்கு 100 டாலர் லாபம். நூறு முறை கட்டி ஐம்பதில் ஜெயித்தால் வரவு 5,000, இழப்பு 5,500. 52 முறை ஜெயித்தாலும் 80 டாலர் நட்டம். 53-இல்தான் லாபமே ஆரம்பம். ஆக, பாதிக்குப் பாதி சரியாகச் சொல்வது போதாது. அந்த 245.5 என்ற கோட்டைப் போட்டவரும் ஆட்டத்தைப் படித்தவர்தான். காற்று, மழை, எதிரணியின் பலம் எல்லாம் அவருக்கும் தெரியும். அணி முன்னிலையில் இருந்தால் கடைசி நேரத்தில் எறிவதைக் குறைத்துப் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள் என்பதும் தெரியும். நீங்கள் ஜெயிக்க வேண்டியது ஆட்டத்தை அல்ல, அவரை. அதுவும் அவருடைய கமிஷனையும் கொடுத்துவிட்டு.

வள்ளுவர் 'சூது' என்று தனி அதிகாரமே வைத்தார். தோற்பவனை மட்டுமல்ல, ஜெயிப்பவனையும் அதில் எச்சரிக்கிறார். தோற்றவன் எழுந்து போய்விடக்கூடும். ஜெயித்தவன் மறுபடி உட்காருவான்.

தம்பி, உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான்: திறமை இருக்கலாம், ஆனால் அது யார் பக்கம் என்று பாருங்கள். பனியன் கம்பெனியில் சனிக்கிழமைச் சம்பளம் வாங்கி உங்களைப் படிக்க வைத்த வீடு இது. ஒரு பீஸுக்கு எத்தனை பைசா நிற்கும் என்று பார்க்கத் தெரிந்த ஊர்க்காரருக்கு இந்தக் கணக்கு புரியும்.