சாலையும் பள்ளியும்

திருவனந்தபுரத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குப் பழக்கமான அனுபவம் ஒன்று உண்டு. ஊரிலிருந்து முதன்முறையாக வரும் உறவினர், கையிலுள்ள முகவரியைப் படித்துவிட்டு, "வலியசாலையா? நடந்தால் கால் வலிக்குமோ?" என்று நகைப்பார். மலையாளத்தில் 'வலிய' என்றால் 'பெரிய' என்று பொருள் என நாம் விளக்குவோம். "அப்படியானால் பெரிய ரோடு என்று சொல்லுங்கள்" என்று அவரும் நிறைவு கொள்வார். தெருவின் அகலத்தைக் கண்டதும் அந்த நிறைவும் கலைந்துவிடும். முதற்சொல்லில் மட்டுமன்றி இரண்டாம் சொல்லிலும் அவர் இடறிவிட்டார் என்பதை நாம் எடுத்துச் சொல்வதில்லை. நமக்கே அது நினைவில் இல்லாமையே காரணம்.

இங்குள்ள சாலை நடக்கும் சாலையன்று. கற்ற சாலை என்பதே அறிஞர் பலர் கொள்ளும் முடிபு. அதனைக் காண்பதற்கு முன், ஆங்கிலத்தில் 'ஸ்கூல்' என்ற ஒரு சொல்லால் குறிக்கப்படுவதைத் தமிழ் எத்தனை சொற்களால் வகுத்துச் சொன்னது என்பதைச் சற்றே நோக்குதல் நலம்.

ஸ்கூல் என்ற சொல்லுக்கு மூலமான கிரேக்கச் சொல்லின் பொருள் 'ஓய்வு' என்பர். வயிற்றுப்பாட்டுக்கு உழைக்க வேண்டாதவர் ஓய்வாக அமர்ந்து ஆராய்ந்த இடம் என்ற நினைவு அதில் இருக்கிறது. நம் 'பள்ளி'யும் ஓய்வுக்குத் தொலைவானதன்று. பள்ளியறை, பள்ளியெழுச்சி, பள்ளிகொண்ட பெருமாள் ஆகிய வழக்குகளெல்லாம் துயில் குறித்தவை. சமண, பௌத்தத் துறவிகள் தங்கிய இடம் பள்ளியாயிற்று. அவர்கள் அங்கே பிள்ளைகளுக்கு எழுத்தும் அறிவித்தமையால் கல்விக்கூடமும் அப்பெயர் பெற்றது என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். சிந்தாமணியில் வரும் 'கல்லூரி' பிற்காலத்தில் காலேஜுக்கு வாய்த்தது. காஞ்சியிலிருந்த கல்வி நிலையம் 'கடிகை' எனப்பட்டது. 'கழகம்' என்ற சொல்லின் வாழ்வோ விந்தையானது. குறளில் சூதாடும் இடத்தைக் குறித்த சொல் இன்று பல்கலைக்கழகத்தில் அமர்ந்திருக்கிறது!

இச்சொற்கள் எல்லை கடக்கும்போது வேறு வேடமும் புனைவதுண்டு. மலையாளத்தில் பள்ளி என்றால் கிறித்தவர் தேவாலயம் அல்லது முகமதியர் மசூதி. கற்கும் இடத்தைச் சொல்லப் 'பள்ளிக்கூடம்' என்று முழுமையாகச் சொல்ல வேண்டும். "பையன் பள்ளிக்குப் போயிருக்கிறான்" என்று புதிதாய்க் குடிவந்த தமிழ்த் தாய் சொல்ல, அடுத்த வீட்டு அம்மை, "இவர்கள் இந்துக்கள் அல்லவா?" என்று திகைத்த கதையை நான் ஒரு வீட்டில் மட்டும் கேட்கவில்லை.

இனி, சாலைக்கு வருவோம். சாலை என்பது அடிப்படையில் கூடம், மண்டபம். அங்கே என்ன நிகழ்கிறது என்பதை முன்னொட்டே சொல்லும்: பாடசாலை, அறச்சாலை, தொழிற்சாலை, சிறைச்சாலை. திருமுக்கூடலில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு, 15 படுக்கைகள் கொண்ட ஓர் ஆதுலர்சாலையைக் குறிக்கிறது. ஆதுலர் என்பார் நோயாளர். மரநிழல் கவிந்த பெருவழியைக் குறித்த சாலை இன்னொரு பொருள். இன்று அதுவே மற்றவற்றை மறைத்துவிட்டது. திருவிதாங்கூர்த் திவான் ராஜா கேசவதாசர் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவாக்கிய சாலைக் கடைத்தெரு நம் வலியசாலையை அடுத்தே இருப்பதால், வந்தவர் மயங்குவதிலும் வியப்பில்லை.

முன்னொட்டின்றித் தனித்து நின்றும் கல்வியைக் குறித்த சாலைக்குச் சான்று, ஆய் மன்னன் கருநந்தடக்கன் கி.பி. 866இல் வெளியிட்ட செப்பேடு. இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து முஞ்சிறைக்கு அருகில், முஞ்சிறைச் சபையாரிடமிருந்து நிலம் பெற்று, பார்த்திவசேகரபுரம் என்ற திருமால் கோயிலையும் அதனோடு ஒரு சாலையையும் அவன் நிறுவினான். அச்சாலை காந்தளூரை முன்மாதிரியாகக் கொண்டு அமைக்கப்பட்டது என்பதே நமக்கு முதன்மையான செய்தி. அங்கே 95 சட்டர்களுக்கு இடம் உண்டு. பவிழியர் 45, தைத்திரியர் 36, தலவகாரர் 14 என வேதக்கிளை வாரியாகப் பகுப்பும் உண்டு. சேர்வோர் இலக்கணம் அறிந்திருக்க வேண்டும். மூவரசர் நாட்டு நடைமுறைகளும் தெரிந்திருக்க வேண்டும். கூட்டத்திற்குப் படைக்கலம் கொண்டுவரக் கூடாது என்றும், ஒருவரையொருவர் தாக்கினால் தண்டம் என்றும் விதிகள் உள்ளன. ஆயுதமே இல்லாத இடத்தில் ஆயுதத்தைத் தடுக்கும் விதி எதற்கு? ஏட்டுக் கல்வியோடு போர்ப்பயிற்சியும் அங்கே இருந்தது என்று அறிஞர் ஊகிப்பது இதனாலேயே.

சட்டர் என்பது மாணாக்கரைக் குறிக்கும் 'சாத்திரர்' என்னும் வடசொல்லின் திரிபு என்பர். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியருக்கு அடுத்தபடி நம்மை மிரட்டிய சட்டாம்பிள்ளையை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அவரும் இந்தச் சட்டரின் வழித்தோன்றலே எனக் கருதுவர். இந்நகரின் பெருமகனான சட்டம்பி சுவாமிகள் (1853–1924) பயின்ற இடத்தில் சட்டம்பிள்ளையாக இருந்தமையால் அப்பெயர் பெற்றார். அதே 'சட்டம்பி' இன்றைய மலையாளத்தில் போக்கிரியையும் குறிக்கும். வேதம் ஓதிய மாணவன், வகுப்பின் தலைவன், தெருவின் முரடன் ஆகிய மூவரும் ஒரு சொல்லில் வரிசையாக நிற்கிறார்கள். பழைய சாலையின் வாளோசை அந்த மூன்றாம் பொருளில் இன்னும் கேட்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

இப்பின்னணியில்தான், கி.பி. 985இல் அரியணை ஏறிய முதலாம் இராசராசனின் மெய்க்கீர்த்தியில் வரும் காந்தளூர்ச்சாலைக் கலமறுத்த செய்தியை நோக்க வேண்டும். கலம் என்ற சொல் கப்பலுக்கும் ஆகும், உண்கலத்துக்கும் ஆகும், அணிகலனுக்கும் முகத்தல் அளவைக்கும் ஆகும். கப்பல் என்று கொண்டார் நீலகண்ட சாத்திரியார். சேரர் கடற்படை அழிந்த வரலாறு பாடநூல்களில் ஏறியது இவ்வாறே. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை இதனைத் தனியே ஆராய்ந்து, சாலையை ஊட்டுப்புரையாகவும் கலத்தை உண்கலமாகவும் கண்டார். இளங்குளம் குஞ்ஞன் பிள்ளையும், பின்னர் 1970இல் எம்.ஜி.எஸ். நாராயணனும் கல்வி நிலையம் என்ற பொருளை வலியுறுத்தினர்.

இது அகராதிச் சண்டையன்று. ஒரு பொருள் கொண்டால் நாம் குடியிருப்பது போர்க்கப்பல்கள் மூழ்கிய துறை. மற்றொன்று கொண்டால் மாணவர் உண்டு பயின்ற கூடம். முன்னதில் தமிழ் வேந்தன் வெற்றி நமக்குப் பெருமை தரும். பின்னதில் அதே வெற்றியை எண்ணிச் சற்றே நாண நேரும். ஏனெனில் அடங்கியது ஒரு பள்ளி. அந்த நாணத்துக்கு அஞ்சியே நம்மவர் சிலர் கப்பலை விடாமல் பற்றியிருக்கிறார்கள் போலும்!

என் கருத்து சாலையைப் பொறுத்தவரை உறுதியானது. கவிமணியின் ஊட்டுப்புரையும் பின்னவர்களின் கல்விக்கூடமும் ஒன்றையொன்று விலக்க வேண்டியதில்லை. இராசேந்திரன் காலத்து எண்ணாயிரத்தில் 340 மாணவர்க்கும் 14 ஆசிரியர்க்கும் நெல் அளந்து கொடுத்தே கல்வி நடந்தது. உணவும் ஓலையும் ஒரே கூரையின் கீழ் இருந்தமையால்தான் அதற்குப் பள்ளி என்றோ சத்திரம் என்றோ சொல்லாமல் சாலை என்றனர். கலத்தைப் பற்றி அவ்வளவு துணிய எனக்கு இயலவில்லை. பிற்காலச் சோழரும் அதே கலமறுத்த புகழைத் தமக்கும் சூட்டிக்கொண்டனர். ஒரு துறையில் கப்பல்களைத் தலைமுறைதோறும் அழித்தனர் என்பதைக் காட்டிலும், ஒரு நிலையத்தின் உரிமையைத் தலைமுறைதோறும் அடக்கினர் என்பது எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. ஆயினும் காந்தளூரைக் கடலோடு சேர்த்துப் பேசும் மெய்க்கீர்த்தியும் இருக்கிறது. கப்பல் கட்சியினர் அதைக் காட்டினால் எளிதில் மறுக்க இயலாது.

காந்தளூர் இதுதானா என்பதிலும் வழக்கு உண்டு. விழிஞத்தின் பக்கம் தேடுவோரும் உளர். கன்னியாகுமரிப் பகுதியில் 'ஸ்ரீவல்லபப் பெருஞ்சாலை' என்றொரு சாலை இருந்தது. பெருஞ்சாலை என்ற அத்தொடரை மலையாளத்தில் சொன்னால் வலியசாலைதான். கிள்ளியாற்றுக்கு அருகே, சிவனும் திருமாலும் பிரமனும் தனித்தனிச் சன்னிதி கொண்டிருக்கும் நம் கோயிலைக் காந்தளூர் மகாதேவர் கோயில் என்றே இன்றும் அழைக்கிறோம். கோயிலின் பெயரில் காந்தளூர்; அதைச் சூழ்ந்த தெருவின் பெயரில் சாலை.