தும்பியின் தும்மலும் 1957-ம்

மூணு வாரம் முன்னாடி மறுபடியும் வீடு மாத்தினோம் மக்களே. சாண்ட்ரிங்காமிலிருந்து மவுண்ட் ராஸ்கில். பத்து நிமிஷ தூரம்தான். ஆனா எட்டாம் நாள் ராத்திரி "ஹச்... ஹச்... ஹச்" என்று வரிசையாகப் பதினோரு தும்மல். நான் இல்லை, தும்பி.

தும்பி எங்கள் பூனை. ஆக்லாந்துக்கு முதுகலை படிக்க வந்த முதல் குளிர்காலத்தில் ஒரு காப்பகத்திலிருந்து எடுத்து வந்தேன். அப்பவே மூக்கில் சளி. போன தடவை வீடு மாத்தினப்பவும் இதே கதைதான். ஊரில் அம்மாவிடம் போனில் சொன்னால், "கொஞ்சம் விக்ஸ் தடவி விடேன்டா" என்கிறார். ரூம்மேட் நேரடியாகவே சொல்லிட்டான்: "மச்சி, இது சரியாகாத கேஸ். திருப்பிக் கொடுத்துடு."

மருத்துவரிடம் கேட்டேன், எப்போ சரியாகும்னு. "முழுசா சரியாகாது, அடக்கி வைக்கலாம்" என்றார். அந்தப் பதில் மண்டையைக் குடைய, தீசிஸை ஓரம் கட்டிவிட்டு நூலகத்தில் உட்கார்ந்தேன். அங்கே ஒரு ஆச்சரியம். இந்தக் கதையின் முதல் அத்தியாயமே நியூசிலாந்தில்தான் இருக்கிறது!

1950-கள் வரை பூனைக்குச் சளி பிடித்தால் 'பூனை ஃப்ளூ' என்று ஒரு பெயர் வைத்துவிட்டு எல்லோரும் சும்மா இருந்தார்கள். அது ஃப்ளூவே கிடையாது என்பது வேறு விஷயம். வைரஸை வளர்த்துப் பார்க்க எளிய வழி இல்லை. 1949-ல் எண்டர்ஸ் குழுவினர் போலியோ வைரஸை நரம்பு அல்லாத திசுக்களில், கண்ணாடிக் குடுவைக்குள் வளர்த்துக் காட்டினார்கள். 1954-ல் நோபல் பரிசும் வாங்கினார்கள். அதற்கப்புறம் உலகம் முழுக்க ஆய்வகங்களில் செல் வளர்ப்புதான்.

அந்த அலையில் 1957-ல் நியூசிலாந்தில் ஃபாஸ்டியர் என்ற ஆய்வாளர் பூனையிலிருந்து ஒரு புது வைரஸைப் பிரித்து எடுத்தார். தமாஷ் என்னன்னா, அவருக்குக் கிடைத்தது மூக்கிலிருந்து இல்லை, குடலிலிருந்து! இன்று அதன் பெயர் பூனைக் கலிசிவைரஸ். 'கலிக்ஸ்' என்றால் லத்தீனில் கிண்ணம். அதன் மேற்பரப்பில் கிண்ணம் மாதிரி குழிகள் இருப்பதால் அந்தப் பெயர். அடுத்த வருஷமே, 1958-ல், அமெரிக்காவில் கிராண்டெலும் மாரரும் இன்னொன்றைப் பிடித்தார்கள். அது பூனை ஹெர்பிஸ் வைரஸ். பூனைகளின் மூக்கொழுகலில் பெரும்பகுதிக்கு இந்த ரெண்டு பேர்தான் காரணம்.

ரெண்டும் ரெண்டு குணம். ஹெர்பிஸ் வெளியே ஒரு நாள்கூடத் தாங்காது. கலிசி ஒரு மாசம் வரை தாங்கும், பிளீச் போட்டால் சாகும். ஆனால் உடம்புக்குள் போய்விட்டால் ஹெர்பிஸ்தான் விடாக்கண்டன். நமக்குச் சின்ன வயசில் வந்த சின்னம்மை நரம்பில் ஒளிந்திருந்து வயசான காலத்தில் அக்கியாக வருகிறதில்லையா, அதே குடும்பம், அதே புத்தி. முகத்து நரம்பு முடிச்சில் போய்த் தூங்கும்.

அதை எழுப்புவது எது? 1977-ல் காஸ்கெல், போவி இருவரும் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் பார்த்தது. நோயிலிருந்து தேறிய பூனைகளை இடம் மாற்றி வைத்தார்கள், சிலவற்றுக்கு ஸ்டீராய்டு கொடுத்தார்கள். எல்லாம் இல்லை, ஆனால் சில பூனைகள் மறுபடி வைரஸைக் கக்க ஆரம்பித்தன. அதுவும் உடனே இல்லை, ஏறக்குறைய ஒரு வாரம் கழித்து.

ஒரு வாரம்! அந்த வரியைப் படித்ததும் எட்டாம் நாள் தும்மல் ஞாபகத்துக்கு வந்து முகத்தில் அறைந்தது. குளிரும் ஈரமும்தான் காரணம்னு ஆக்லாந்து வீடுகளைத் திட்டிக்கொண்டிருந்தேன். ரெண்டு வருஷத்தில் மூணு வீடு மாத்தினது நான்.

1970-களில் தடுப்பூசி வந்தது. அது நோயின் கடுமையைக் குறைக்கும், தொற்றையே தடுக்காது. அப்புறம் லைசின் பொடி கொடுத்தால் சரியாகும் என்று ஒரு காலம். 2015-ல் எல்லா ஆய்வுகளையும் தொகுத்துப் பார்த்து, பிரயோஜனமில்லை என்று சொல்லிவிட்டார்கள். மனிதர்களின் அக்கிக்குக் கொடுக்கும் ஃபாம்சைக்ளோவிர் பூனைக்கும் உதவுகிறது, ஆனால் மருத்துவர் சொன்னால் மட்டும். வைரஸ் மூக்கின் சுருள் எலும்புகளை ஒரு தடவை அரித்துவிட்டால் பாக்டீரியா அங்கே குடியேறும், சளி நிரந்தரமாகும். ஒரே பக்கம் ஒழுகினாலோ ரத்தம் வந்தாலோ வேறு காரணமாகவும் இருக்கலாம்: புல் சிக்கியது, பல் வேர், பூஞ்சை, கட்டி. உடனே காட்டணும்.

அம்மாக்களுக்கு ஒரு வேண்டுகோள்: விக்ஸ் வேண்டாம், கற்பூரம் பூனைக்கு ஆகாது. பாரசிட்டமால் வேண்டவே வேண்டாம், ஒரு மாத்திரையே பூனையைக் கொன்றுவிடும். நாங்கள் செய்வது இவ்வளவுதான்: குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டு ஆவியில் பத்து நிமிஷம் உட்கார்வோம். சாப்பாட்டை வெதுவெதுப்பாக்கி வைப்பேன். வாசனை தெரியாவிட்டால் பூனை சாப்பிடாது.

ஊரில் எங்கள் தெருப் பூனைக் குட்டிகள் கண்ணில் பீளை கட்டி, மூக்கொழுகித் திரியும். அழுக்கு என்று நினைத்து விரட்டியிருக்கிறோம். அதில் பாதிக்கு மேல் இதே வைரஸாக இருந்திருக்கும்னு இப்போ தோணுது.

ரூம்மேட்டிடம் சொல்லிட்டேன்: தும்பி எங்கேயும் போகாது, தீசிஸ் முடியும்வரை நானும் வீடு மாத்தப் போறதில்லை. "அப்போ வாடகை ஏத்தினா?" என்றான். அதுக்கு எந்த ஆய்விலும் பதில் இல்லை :-)

உங்கள் வீட்டுப் பூனை தும்முமா? எப்போ தும்முதுன்னு தேதி குறிச்சு வச்சுப் பாருங்க. ஒரு வாரம் முன்னாடி வீட்டில் என்ன நடந்ததுன்னும் யோசிச்சுட்டு வந்து சொல்லுங்க.