காத்திருந்த வீராங்கனைகள்

போர்ப்பயிற்சி முடித்து அதிகாரிப் பதவி ஏற்றவர் உடனே களம் புகுவர் என்பது பலர் எண்ணம். எப்போதும் அவ்வாறு நிகழ்வதில்லை என்பதற்கு நம் மாதர் வரலாறே சான்று.

ஜொகூர்ப் பாலத்தைக் கடந்தால் சிங்கப்பூர். அங்கே வாட்டர்லூ தெருவில், 1943-ஆம் ஆண்டு அக்டோபர் 22-ஆம் நாள், ஜான்சி ராணிப் படையின் பயிற்சிப் பாசறையை நேதாஜி திறந்துவைத்தார். படைத்தலைவி சென்னையில் பிறந்த டாக்டர் லட்சுமி. மலாயாத் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய தமிழ்ப் பெண்கள் பலர் சேர்ந்தனர். 1944 மார்ச் 30-இல் முதற் பயிற்சி நிறைவுற்றது, சிலர் அதிகாரிகளாயினர்.

பின்னர்ப் பர்மா சென்றனர். இம்பால் வீழ்ந்ததும் வங்கத்துள் முன்னணியாய்ப் புகவேண்டுமென்பது திட்டம். அந்நாளை எதிர்நோக்கி மேமியோவில் காத்திருந்தனர். இம்பால் வீழவில்லை, ஜூலையில் படையெடுப்புக் கைவிடப்பட்டது. துப்பாக்கி பிடிக்கக் கற்ற கைகள், காயமுற்றுத் திரும்பிய வீரர்க்கு மருந்திட்டன.

அக்காத்திருப்பு வீணோ? அன்று. சாதியும் மதமும் பாராது அவர்கள் ஒரே பந்தியில் உண்டனர். கங்காணியின் குரலுக்குக் குனிந்த தலைகள் அணிவகுப்பில் நிமிர்ந்தன. துணைத்தலைவியாயிருந்த கோலாலம்பூர் ஜானகி தேவர், 1946-இல் மலாயா இந்தியர் காங்கிரசைத் தோற்றுவித்தோருள் ஒருவரானார்.

அவர்களுக்குக் களந்தான் கிட்டவில்லை, தகுதி குறையவில்லை. தோழர்களே! பாசறையில் நிமிர்ந்து நின்ற பெண்ணினத்தை அடுக்களைக்குள் அடைப்பது அறமாகுமோ?