கைவலுவில் இறங்கும் கோப்பி: காலந்தாழ்த்திய ஒரு திருத்தம்

பத்திரிகைத் தொழிலில் காலம் கழித்தவர்களுக்குத் 'திருத்தம்' என்ற சொல் சற்றுக் கசப்பானது. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன்னர் நான் எழுதிய ஒரு சிறு குறிப்புக்கு இன்று திருத்தம் எழுத வேண்டியவனாக இருக்கின்றேன். வாரப் பதிப்பின் பக்கமொன்றில் நான்கு அங்குல இடம் வெறுமையாகக் கிடந்த ஓர் இரவில், அதனை நிரப்புவதற்காக எழுதிய குறிப்பு அது. எஸ்பிரெஸோ கோப்பி இயந்திரத்தை முதன்முதலில் உருவாக்கியவர் மிலான் நகரத்து லூயிஜி பெசேரா என்று அதில் எழுதியிருந்தேன். அக்காலத்து நூல்கள் அவ்வாறே கூறின. ஆயினும் அது சரியன்று.

இதனை எனக்கு நினைவூட்டியது ரொறன்ரோவில் வசிக்கும் என் மகள் கடந்த ஆண்டு கொண்டுவந்து தந்த ஒரு சிறு கருவி. மின்சாரம் வேண்டாம், அடுப்பு வேண்டாம். கொதிநீரும் கோப்பித் தூளும் கைவலுவும் போதும் என்றாள். ஒரு சாணுக்குச் சற்றுக் கூடிய நீளம்; பயணப்பையில் அடங்கிவிடும். முதல் நாள், வேர்க்கொம்பும் மல்லியும் சேர்த்து இடித்த நம் ஊர்க் கோப்பித் தூளை அதில் இட்டு அமுக்கினேன். அரிதட்டு அடைத்துக்கொண்டது. மேலும் பலமாக அமுக்கியபோது பக்கவாட்டால் பீறிட்ட சுடுநீர் என் சட்டையை நனைத்தது. பிழை கருவியினுடையதன்று, பெருமையோடு கையேட்டை வாசிக்காமல் விட்ட என்னுடையது.

இனி வரலாற்றுக்கு வருவோம். 1884ஆம் ஆண்டு இத்தாலியின் தூரின் நகரில் நடைபெற்ற பொதுக் கண்காட்சியில் அஞ்சலோ மொரியோந்தோ என்ற விடுதி உரிமையாளர் நீராவியால் இயங்கும் கோப்பி இயந்திரமொன்றைக் காட்சிக்கு வைத்து வெண்கலப் பதக்கம் பெற்றார். அதே ஆண்டில் காப்புரிமையும் பதிவு செய்தார். வாடிக்கையாளர் காத்திருக்கக்கூடாது என்பதே அவரது நோக்கம். ஆனால் அவர் அதனைப் பெருமளவில் உற்பத்தி செய்து விற்கவில்லை. ஆகவே அவரது பெயர் மறைந்தது. அவுஸ்திரேலியரான இயன் பெர்ஸ்ரன் என்ற கோப்பி வரலாற்றாசிரியர் பழைய காப்புரிமைப் பத்திரங்களைத் தேடிய பின்னரே அப்பெயர் மீண்டும் பேசப்பட்டது. 2022இல் கூகுள் தன் முகப்பில் மொரியோந்தோவின் பிறந்தநாளைச் சித்திரமாக இட்டபோதுதான் என் பிழை எனக்கே தெரியவந்தது.

பெசேராவின் பங்கு சிறிதன்று. மொரியோந்தோவின் இயந்திரம் மொத்தமாக வடித்தது. பெசேரா 1901இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த இயந்திரமோ ஒவ்வொரு கோப்பைக்கும் தனித்தனியாக வடித்தது. அதன் உரிமையை வாங்கிய தெசிதேரியோ பவோனி 1906ஆம் ஆண்டின் மிலான் கண்காட்சியில் அதனை ஊரறியச் செய்தார். எனினும் அந்தக் கோப்பி நாம் இன்று எஸ்பிரெஸோ என்று அருந்துவதன்று. நீராவியின் அமுக்கம் ஒன்றரை, இரண்டு வளிமண்டல அளவையே எட்டியது. நீரோ மிகையாகச் சூடேறித் தூளைக் கருக்கியது. நுரை கிடையாது.

அந்த நுரையைக் கொண்டுவந்தது கைவலுவே. மிலானில் மதுபானக் கடை நடத்திய அக்கில்லே கஜ்ஜியா 1938இல் நீராவியை விலக்கி, பிஸ்ரனால் நீரைத் தள்ளும் முறைக்குக் காப்புரிமை கோரினார். போர் முடிந்த பின்னர், 1947, 1948 அளவில், சுருள்வில்லும் நெம்புகோலும் பொருத்திய இயந்திரம் வெளிவந்தது. பணியாளர் நெம்புகோலைக் கீழே இழுத்து வில்லைச் சுருக்குவார். வில் விரியும்போது 8 முதல் 10 பார் வரையான அமுக்கத்தில் நீர் தூளினூடாக இறங்கும். மேலே பொன்னிற நுரை படியும். இதென்ன அழுக்கு என்று முகஞ்சுளித்தோரும் உண்டாம். அவரோ அதனைக் 'கிரேமா' என்று பெயரிட்டு விளம்பரமாக்கிவிட்டார்! (தலைப்பிடும் கலையை எங்கள் ஆசிரிய பீடங்கள் அவரிடம் கற்றிருக்கலாம்.) 1961இல் ஃபயேமா நிறுவனத்தின் இ61 இயந்திரம் மின்விசைப் பம்பியைக் கொண்டுவந்ததோடு கைக்கு ஓய்வு கிடைத்தது. அவ்வாண்டு இத்தாலியில் தோன்றிய சூரிய கிரகணத்தின் நினைவாகவே அப்பெயர் இடப்பட்டது.

கைக்கு அது ஏன் கடினம் என்பதற்கு ஒரு சிறு கணக்குப் போதும். கடைகளிலுள்ள அரிதட்டின் விட்டம் பொதுவாக 58 மில்லிமீற்றர். பரப்பு சுமார் 26 சதுர சென்ரிமீற்றர். அதன்மீது 9 பார் அமுக்கம் உண்டாக்க ஏறத்தாழ 240 கிலோ பாரம் வேண்டும். எந்த மனிதனாலும் உள்ளங்கையால் அதனைச் செய்ய முடியாது. ஆகையால் நெம்புகோல் வந்தது. என் கருவி போன்றவற்றில் வேறு வழி: ஒரு சதுர சென்ரிமீற்றர் அளவான சிறு பிஸ்ரனுக்கு ஒன்பது கிலோ பாரமே போதும், ஆனால் ஒரு தடவைக்குச் சிறிதளவு நீரே நகரும். எனவே பலமுறை அமுக்க வேண்டும்.

பல காலைகள் பாழான பின்னர் நான் கண்டுகொண்ட முறை இது. கோப்பி இடாமல் ஒரு தடவை கொதிநீரைச் செலுத்திக் கருவியைச் சூடாக்க வேண்டும். இதனைத் தவிர்த்தால் நீர் உள்ளேயே ஆறி, கோப்பி புளித்துப்போகும். 90 பாகை செல்சியசுக்குக் குறையாத சூடு தூளைச் சென்றடைய வேண்டும். அண்மையில் வறுத்த கொட்டையை அவ்வப்போது அரைத்தல் நன்று. தூள் மேசை உப்பைவிட நுண்மையாகவும் மாவைவிடக் கரடாகவும் இருத்தல் வேண்டும். எட்டு கிராம் இட்டு, மட்டமாக்கி, முதலில் இரண்டு மூன்று அமுக்குகள் மட்டும் கொடுத்து, தூள் நனையச் சில வினாடிகள் பொறுத்திருக்க வேண்டும். பின்னர் சீராக அமுக்கினால் 25 முதல் 30 வினாடிகளில் கோப்பி தேன்போல் இறங்கும். தண்ணீராய் ஓடினால் தூள் கரடு. கை நோகுமளவுக்கு இறுகினால் தூள் மிக நுண்மை.

மகள் கொண்டுவந்த கோப்பிப் பையில் 'அரபிக்கா, ரொபஸ்ரா' என்று இரண்டு பெயர்கள் இருந்தன. ரொபஸ்ராவின் கதையில் எங்கள் நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. 1870 அளவில் இலங்கை ஆண்டுக்கு 10 கோடி இறாத்தல் வரை அரபிக்காக் கோப்பியை ஏற்றுமதி செய்தது. அதனைப் பறிக்கத் தமிழகத்திலிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையிலிருந்து காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்தனர். பசியாலும் வாந்திபேதியாலும் வழியிலேயே மாண்டோர் பலர். அவர்கள் பெயர்கள் எந்தக் கண்காட்சிப் பட்டியலிலும் இல்லை. 1869இல் இங்கு இனங்காணப்பட்ட இலைத்துரு நோய் இருபது ஆண்டுகளுக்குள் அக்கோப்பியை அழித்தது. தூரினில் பதக்கம் வழங்கப்பட்ட 1884இல் மலையகத் தோட்டங்கள் தேயிலைக்கு மாறிக்கொண்டிருந்தன. அதே நோய் யாவாவையும் தாக்கியது. நோயைத் தாங்கும் ரொபஸ்ரா 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கு பயிரிடப்பட்டது. இத்தாலியர் பலர் இன்றும் தம் கலவையில் அதனைச் சேர்க்கின்றனர். காரணம், அது நுரையைக் கூட்டும்.

அன்றைய குறிப்பின் பிரதி என்னிடம் இல்லை. பழைய பத்திரிகை நறுக்குகளைச் சேர்த்து வைத்திருக்கும் வாசகர் எவரிடமேனும் அது இருப்பின், பெசேராவின் பெயருக்கு முன்னால் மொரியோந்தோவின் பெயரையும் எழுதிக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கின்றேன்.