நிர்வஹணம்: கூடியாட்டத்தின் வாய்பேசாத் தனிமொழி

கேரளத்துச் சமஸ்கிருத நாடக மரபான கூடியாட்டத்தில், ஒரு பாத்திரம் மேடையில் தனித்து நின்று தன் முன்கதையை அபிநயத்தால் விரித்துக் காட்டும் பகுதிக்கு நிர்வஹணம் என்று பெயர். தனிமொழி என்றவுடன் நாம் எதிர்பார்ப்பது பேச்சை. நிர்வஹணத்தில் நடிகர் வாய் திறப்பதில்லை. கை முத்திரை, கண், புருவம், மூச்சு இவற்றாலேயே மணிக்கணக்கில், சில அங்கங்களில் நாட்கணக்கில், கதை சொல்கிறார். செய்யுளைச் சொல்பவர் மேடையோரம் குழித்தாளத்துடன் அமர்ந்திருக்கும் நங்கியார். மிழாவு என்னும் பெரிய செப்புக்குட முழவை நம்பியார் வாசிக்கிறார். நடிகரான சாக்கியார் கண்ணை உருட்டினாலும் இமையைத் தாழ்த்தினாலும் நம்பியாரின் விரல்கள் கூடவே போகின்றன.

கூடியாட்டத்தில் ஒரு முழு நாடகத்தை ஒரே மூச்சில் ஆடும் வழக்கம் இல்லை. ஓர் அங்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பல இரவுகள் ஆடுவார்கள். முதல் நாள் புறப்பாடு. பாத்திரம் மேடைக்கு வந்து தன்னை நிலைநிறுத்திக்கொள்ளும். அதன்பின் வருவது நிர்வஹணம். பாத்திரங்கள் ஒன்றாக மேடையில் நின்று நாடக ஆசிரியர் எழுதியதை ஆடுவது கடைசி இரவுகளில்தான். அந்தக் 'கூடி ஆடுதல்' என்ற சொல்லே கலைக்கும் பெயராயிற்று. ஆனால் நாட்களை எண்ணிப் பார்த்தால் பெரும்பகுதி தனியாட்டத்துக்கே போகிறது. பெயர் கூட்டத்தைச் சொல்ல, உயிர் தனிமையில் இருக்கும் கலை இது.

நிர்வஹணத்துக்குள் நுழைய ஒரு வாசல் உண்டு. அதை அனுக்கிரமம் என்பார்கள். நாடகம் ஒரு நிகழ்வின் நடுவில் தொடங்குகிறது. நடிகர் அந்த இடத்தில் நின்று, 'இது எப்படி நேர்ந்தது?' என்று முத்திரையால் கேட்கிறார். அதற்கு முந்தைய நிகழ்வைக் காட்டி, 'அது எப்படி நேர்ந்தது?' என்று மறுபடி கேட்கிறார். இப்படிக் கேள்வி கேள்வியாகப் பின்னோக்கிப் போய், கதையின் வேரைத் தொட்டபின் திரும்பி, முன்னோக்கி ஆடிக்கொண்டு வருகிறார். நாடகத்தின் முதல் வரியைச் சொல்லும் இடத்துக்கு அவர் வந்து சேரும்போது, அந்த வரியின் பின்னால் ஒரு வாழ்க்கையே நிற்கிறது. இதற்கு இணையான முறையை வேறு எந்த நாடக மரபிலும் நான் கண்டதில்லை. பாத்திரத்தின் உள்ளத்தை விளக்க உரை எழுதுவதற்குப் பதில், அந்த உரையையே மேடையில் ஆடிவிடுகிறார்கள்.

ஒரு செய்யுளை எடுத்து விரிக்கும் முறையும் இப்படிப்பட்டதே. முத்திரையுடன் ஒருமுறை சொல்வது. பிறகு சொல்லை விட்டுவிட்டு அபிநயம் மட்டும், மெதுவாக, பதம் பதமாக. கடைசியில் மீண்டும் சொல்வது. பாசனுடையதாகக் கருதப்படும் அபிஷேக நாடகத்தின் மூன்றாம் அங்கம் கூடியாட்டத்தில் தோரணயுத்தம் எனப்படும். அதில் சங்குகர்ணன் என்ற பணியாள் ஓடிவந்து, அசோகவனத்தை ஒரு குரங்கு அழித்த செய்தியை ராவணனுக்குச் சொல்ல வேண்டும். அலங்காரத்தில் ஆசை கொண்ட மண்டோதரிகூட அந்த வனத்தில் தளிர் கிள்ளத் தயங்குவாள் என்ற பொருளில் அவன் சொல்லும் ஒரு செய்யுள் உண்டு. படித்தால் நான்கு அடி. ஆடும்போது சங்குகர்ணன் மறைந்து மண்டோதரி வருகிறாள். மரத்தைப் பார்க்கிறாள், தளிரைப் பார்க்கிறாள், கை நீள்கிறது, கணவன் இந்த மரத்தை எப்படி வளர்த்தான் என்ற நினைவு வருகிறது, கை திரும்புகிறது. அந்த ஒரு தயக்கத்தைப் பார்த்துவிட்டோமானால், வனம் அழிந்தது எவ்வளவு பெரிய இழப்பு என்று யாரும் நமக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இதே அங்கத்தில்தான் ராவணனின் புகழ்பெற்ற கைலாசோத்தாரணம் வருகிறது. திசைகளை வென்று புஷ்பக விமானத்தில் வரும் ராவணனைக் கயிலை மலை மறிக்கிறது. நடிகர் மலையை முதலில் வெறும் பார்வையால் கட்டுகிறார். அடிவாரத்திலிருந்து கண் மெல்ல ஏறுகிறது. உச்சியை எட்டும்போது தலை பின்னால் சாய்ந்திருக்கிறது. பிறகு இடமிருந்து வலம், வலமிருந்து இடம். மேடையில் இருப்பது ஒரு குத்துவிளக்கு மட்டும். அதன் மூன்று திரிகளில் இரண்டு நடிகரை நோக்கியும் ஒன்று அவையை நோக்கியும் எரிகின்றன. அந்த வெளிச்சத்தில் மலை எழுந்து நிற்கிறது. அதைப் பெயர்த்துத் தூக்கி, எறிந்து பிடித்து விளையாடுகிறான் ராவணன்.

தமிழர்களுக்கு இந்தக் காட்சி புதிதன்று. சம்பந்தர் தம் பதிகங்களில் எட்டாம் பாடலைப் பெரும்பாலும் இந்தக் கதைக்கே ஒதுக்கினார். அப்பரும் பதிகக் கடைசியில் இதைப் பலமுறை பாடினார். ஆனால் தேவாரத்தில் நாம் மலையை மேலிருந்து, சிவனின் கால்விரலிலிருந்து பார்க்கிறோம். சாக்கியார் அதை ராவணனின் தோளிலிருந்து பார்க்க வைக்கிறார். இரண்டையும் அறிந்த பார்வையாளருக்குக் கிடைக்கும் நிறைவு தனி.

மலை குலுங்கும் நேரத்தில் மேலே என்ன நடந்தது என்பது அடுத்த பகுதி: பார்வதீவிரகம். சடையில் கங்கை இருப்பதைக் கண்டு ஊடிப் புறப்படும் பார்வதி, மலை ஆடியதும் அஞ்சிச் சிவனைத் தழுவுகிறாள். ராவணன் வேடத்தில் நிற்கும் ஒரே நடிகர் சிவனாகவும் பார்வதியாகவும் மாறி மாறி ஆடுகிறார். பெண்ணாகும்போது இடையாடையின் நுனியை எடுத்துச் செருகிக்கொள்வார், அவ்வளவே. மற்றதெல்லாம் கண்ணும் தோளும் செய்கின்றன. வேடம் மாறாமல் ஆள் மாறும் இந்த உத்திக்குப் பகர்ந்நாட்டம் என்று பெயர்.

இந்த உத்தி எவ்வளவு பழையது? சிலப்பதிகாரத்தின் நடுகற்காதையில் சேரன் செங்குட்டுவன் முன் பறையூர்க் கூத்தச் சாக்கையன் கொட்டிச்சேதம் ஆடுகிறான். சிவன் பாதி துடித்து ஆட, உமை பாதியின் அணிகலன்கள் அசையாமல் இருந்த அருமையை இளங்கோ விரித்துரைக்கிறார். ஒரே உடலில் இரு பாத்திரங்கள். இன்றைய சாக்கியார்களின் பெயரும் அந்தச் சாக்கையனின் பெயரும் ஒன்றே என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. அந்தக் கூத்தும் இன்றைய கூடியாட்டமும் ஒன்றே என்று சொல்லிவிட முடியாது. இடையே பல நூற்றாண்டுகள் கிடக்கின்றன. சோழர் கல்வெட்டுகளிலும் சாக்கைக் கூத்து ஆடியோருக்கு நிலம் விட்ட செய்தி உண்டு. அரியலூர் வட்டாரத்துக் காமரசவல்லிக் கோயிலில் ராஜேந்திரன் காலத்தில் சாக்கை மாராயன் என்ற பட்டம் பெற்ற ஒருவர் திருவாதிரை நாட்களில் ஆடியிருக்கிறார். தமிழகத்தில் மறைந்த கூத்து மலைக்கு அப்பால் பிழைத்தது. மகேந்திரவர்மப் பல்லவனின் மத்தவிலாசப் பிரகசனம் காஞ்சித் தெருவில் நடக்கும் கதை. அதையும் சாக்கியார்களே காப்பாற்றினார்கள். கேரளக் கோயில்கள் சிலவற்றில் குழந்தைப்பேறு வேண்டி நேர்த்திக்கடனாக அது ஆடப்படுகிறது.

தனி நடிகர் நாடகம் சமஸ்கிருதத்தில் வேறு வடிவிலும் இருந்தது. நாட்டிய சாஸ்திரம் கூறும் பத்து ரூபகங்களில் பாணம் ஒன்று. விடன் ஒருவன் தெருவில் நடந்தபடி, கண்ணுக்குத் தெரியாத ஆட்களின் பேச்சைத் தானே திருப்பிச் சொல்லி உரையாடுவான். 1922-இல் ராமகிருஷ்ண கவியும் ராமநாத சாஸ்திரியும் பதிப்பித்த சதுர்பாணி என்னும் நான்கு பாணங்களின் தொகுப்பு அதன் நல்ல சான்று. பாணம் முழுக்கப் பேச்சை நம்பியது. நிர்வஹணம் அதற்கு எதிர்முனை.

நிர்வஹணத்துக்கு இன்றைய உருவம் கொடுத்தவராக மரபு போற்றுவது மகோதயபுரத்துச் சேர அரசர் குலசேகர வர்மரை. அவர் காலத்தை அறிஞர்கள் 9 முதல் 11-ஆம் நூற்றாண்டு வரை வெவ்வேறாகக் கணிக்கிறார்கள். தபதீசம்வரணம், சுபத்திராதனஞ்சயம் என்ற தம் இரு நாடகங்களையும் எப்படி ஆட வேண்டும் என்று அவரே ஆடிக்காட்ட, ஓர் அந்தணப் புலவர் எழுதி வைத்ததாக வியங்கிய வியாக்கியானம் என்ற உரை சொல்கிறது. சொல்லின் நேர்ப்பொருளைவிட அதன் குறிப்புப்பொருளை நடிகர் ஆட வேண்டும் என்பதே அந்த உரையின் அடிநாதம். இதிலிருந்து வளர்ந்தவை சாக்கியார் குடும்பங்களின் ஓலைச்சுவடிகள். மேடை ஏற்பாட்டைச் சொல்வது கிரமதீபிகை. அபிநயத்தைப் பதம் பதமாகச் சொல்வது ஆட்டப்பிரகாரம்.

விரிவு எல்லை மீறிய கட்டமும் வந்தது. சக்திபத்திரரின் ஆச்சரியசூடாமணியில் ஆறாம் அங்கம் அங்குலீயாங்கம். அனுமன் சீதையிடம் மோதிரம் கொடுக்கும் கதை. அதில் அனுமன் வேடமிட்ட ஒருவரே ராமாயணத்தைப் பல நாட்கள் ஆடுகிறார். 15-ஆம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் நடாங்குசம், பெயர் தெரியாத ஒருவர் சாக்கியார்களைக் கண்டித்து எழுதிய நூல். நடர்களை அடக்கும் அங்குசம் என்பது தலைப்பின் பொருள். அனுமனாக வந்தவன் அனுமன் வேடத்திலேயே ராமனாகவும் சீதையாகவும் ஆடுவது எப்படித் தகும்? நாடகாசிரியன் எழுதாத கதையை ஏன் ஆடுகிறாய்? கதைக்குத் தொடர்பில்லாத சடங்கு நடனம் எதற்கு? இவை வெறும் பழிச்சொற்கள் அல்ல. நாடக இலக்கணம் நன்கு அறிந்த ஒருவரின் வாதங்கள். நாடகம் ஒருமை உடையதாக இருக்க வேண்டும் என்று கொண்டால் அவர் சொல்வதே சரி. ஆனால் சாக்கியார்கள் காத்தது ஆசிரியனின் நாடகத்தை மட்டும் அல்ல. ஒரு மனம் நினைவுகூரும் விதத்தையும் காத்தார்கள். நினைவில் வருபவர்கள் எல்லோரும் நினைப்பவனின் உடலில்தான் வருவார்கள். பகர்ந்நாட்டத்துக்கு இதைவிட நல்ல நியாயம் எனக்குத் தெரியவில்லை.

நகைச்சுவைப் பாத்திரமான விதூஷகனுக்கு மட்டும் வாய் திறவாத இந்த விதி இல்லை. அவன் மலையாளத்தில் பேசலாம், அவையைப் பார்த்துக் கேலி செய்யலாம். பிரதிஜ்ஞாயௌகந்தராயணம் என்ற நாடகத்தின் மூன்றாம் அங்கமான மந்திராங்கத்தில் அவனுடைய ஆட்டம் 41 நாட்கள் நீளும் மரபுடையது.

பெண்களின் தனியாட்டம் நங்கியார் கூத்து. அதுவும் ஒரு நிர்வஹணத்திலிருந்து பிறந்ததே. சுபத்திராதனஞ்சயத்தின் இரண்டாம் அங்கத்தில் கல்பலதிகா என்ற தோழி வருகிறாள், சிறு பாத்திரம். தன் தலைவி சுபத்திரையின் கதையைச் சொல்ல அவள் பின்னோக்கிப் போகிறாள். கண்ணன் பிறப்பும் பாலலீலையும் கம்சவதமும் வந்துவிடுகின்றன. இதுவே ஸ்ரீகிருஷ்ணசரிதம் என்று தனிக் கூத்தாயிற்று. ஒரு தோழிக்கு எழுதப்பட்ட சில வரிகள் 200-க்கும் மேற்பட்ட செய்யுள்கள் கொண்ட பெருங்கதையாக வளர்ந்ததில், இந்தக் கலை சிறிய பாத்திரங்கள்மீது வைத்திருக்கும் மரியாதை தெரிகிறது. 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கலாமண்டலம் கிரிஜா, மார்கி சதி, உஷா நங்கியார் ஆகியோர் இதற்கு மறுவாழ்வு கொடுத்தார்கள்.

கூடியாட்டம் நெடுங்காலம் கோயிலுக்குள், கூத்தம்பலம் என்னும் அரங்கில் மட்டுமே நடந்தது. பார்க்கவும் சாதிக் கட்டுப்பாடு இருந்தது. பைங்குளம் ராம சாக்கியார் 1949-இல் கோயிலுக்கு வெளியே கூத்து நடத்தியபோது சொந்தச் சமூகத்திலேயே எதிர்ப்பு எழுந்தது. நிலச் சீர்திருத்தத்துக்குப்பின் கோயில் வருமானம் குறைய, குடும்பங்கள் தடுமாறின. 1965-இல் கேரள கலாமண்டலத்தில் பைங்குளத்தார் தலைமையில் கூடியாட்டத்துக்குத் தனித்துறை வந்தது. சாக்கியார் அல்லாதவர்களும் கற்கத் தொடங்கினார்கள்.

கேரளத்துக்கு வெளியே கூடியாட்டம் முதலில் மேடையேறிய ஊர் சென்னை. 1962-இல் சமஸ்கிருத அறிஞர் வே. ராகவனின் சமஸ்கிருத ரங்கம் அழைக்க, மாணி மாதவ சாக்கியார் (1899–1990) குழுவினர் இங்கே வந்து ஆடினார்கள். தோரணயுத்தமும் அதில் இருந்தது. கண்ணபிநயத்தில் அவருக்கு நிகர் அவரே என்பது பார்த்தவர்கள் வாக்கு. விளக்குச் சுடரில் விட்டில் வந்து விழுவதை, கை அசையாமல், கண்களாலேயே காட்டுவார். தாம் அறிந்ததை நாட்டியகல்பத்ருமம் என்ற நூலாகவும் எழுதி வைத்தார். இரிஞ்ஞாலக்குடையின் அம்மன்னூர் மாதவ சாக்கியார் (1917–2008) வாலியின் மரணத்துக்குப் பேர்போனவர். அம்பு பட்டதிலிருந்து கடைசி மூச்சு வரை, மூச்சின் ஏற்ற இறக்கத்தாலேயே ஓர் உயிர் பிரிவதை நெடுநேரம் ஆடுவார்.

2001-இல் யுனெஸ்கோ கூடியாட்டத்தை மானுடத்தின் வாய்மொழி மற்றும் தொட்டுணர முடியாத மரபின் தலைசிறந்த படைப்பாக அறிவித்தது. இந்தியாவிலிருந்து அப்படி அறிவிக்கப்பட்ட முதல் கலை இது. அதன்பின் வெளிநாட்டு மேடைகள் பெருகின, நேரம் சுருங்கியது. இன்று நகர அரங்குகளில் கைலாசோத்தாரணத்தைத் தனி உருப்படியாக எடுத்து ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஆடிவிடுகிறார்கள். புதிய பார்வையாளரை ஈர்க்க இது தேவைதான். ஆனால் முதலில் வெட்டுப்படுவது அனுக்கிரமம். 'இது எப்படி நேர்ந்தது?' என்ற அந்தப் பொறுமையான கேள்விகள் போய்விட்டால், மலையைத் தூக்கும் வித்தை மிஞ்சும். அதைத் தூக்கியதை நினைத்துப் பார்க்கும் மனம் மிஞ்சாது. இதைக் குருமார்கள் வருத்தத்தோடு ஏற்கலாம், நான் ஏற்கத் தயாராக இல்லை.

இரிஞ்ஞாலக்குடைக் கூடல்மாணிக்கம் கோயிலில் அம்மன்னூர்க் குடும்பத்தார் ஆண்டுதோறும் அங்குலீயாங்கத்தை வழிபாடாக ஆடி வருகிறார்கள். சில நாட்களில் கூத்தம்பலத்துக்குப் பார்க்க வருபவர்கள் மிகக் குறைவு. அனுமன் வேடமிட்ட சாக்கியார் விளக்கின் முன் வந்து நின்று, கடலைத் தாண்டி வந்தது எப்படி என்ற கேள்வியைக் கையால் கேட்கிறார். மிழாவு பதில் சொல்லத் தொடங்குகிறது.